‘மேக்னம் ரிவால்வருக்கு உகந்தது’ என்ற வாசகம் பற்றிய புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: செம்பு முலாம் பூசிய, 158 கிரெயின் எடையுள்ள ஈயக் குண்டுகள், 500 அடங்கிய பெட்டி – பணத்தைத் திருப்பித் தரவும் பெட்டி வாசகத்தைத் திருத்தவும் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ‘.38 ஸ்பெஷல், .357 மேக்னம் ரிவால்வர்களுக்கு உகந்தது’ என்று தங்கள் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அதை நம்பித்தான், .38 ஸ்பெஷலைவிட வலுவான .357 மேக்னம் தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்ள இந்தக் குண்டுகளை வாங்கினேன்.

குண்டின் பக்கங்கள் வழுவழுப்பாக இருக்கின்றன. கேஸின், அதாவது குண்டைத் தாங்கும் தோட்டாக் கூட்டின், விளிம்பு மடிந்து பிடித்துக்கொள்ள ஒரு பள்ளம்கூடக் கிடையாது. முலாம் மெல்லியது என்பதால் கேஸின் வாயைச் சற்றே உள்நோக்கிச் சரித்து இறுக்கும் லேசான டேப்பர் கிரிம்ப் மட்டும் கொடுத்து நிரப்பினேன். ஐந்து சுட்டபின் ஆறாவது தோட்டாவை வெளியே எடுத்து, அதன் நீளம் மாறியிருக்கிறதா என்று வெர்னியரால் அளப்பது என் வழக்கம். அன்று அதுவரை போகவே முடியவில்லை. நான்காவது வெடியோடு சிலிண்டர் சுழலாமல் நின்றுவிட்டது. மிச்சமிருந்த ஒரு தோட்டாவின் குண்டு முன்னால் நகர்ந்து, அதன் மூக்கு சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு சட்டத்தில் முட்டி நின்றது. துப்பாக்கி உதைக்கும்போது கேஸ் அதனோடு பின்னுக்குப் போகிறது; கனமான குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பிடிப்பு போதாவிட்டால் வெடிக்கு வெடி வெளியே வரத்தான் செய்யும். ரிவால்வருக்குக் குண்டு செய்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்க முடியாது.

அடுத்த முறை, விளிம்பைக் குண்டின்மேல் உள்நோக்கி மடித்து அழுத்தும் ரோல் கிரிம்ப் கொடுத்தேன். குண்டுகள் நகரவில்லை. ஆனால் இலக்குத் தாளில் இரண்டு துளைகள் நீளவாக்கில் இருந்தன. குண்டு பக்கவாட்டில் போய் விழுந்த தடம் அது. சுடாத தோட்டா ஒன்றைச் சுத்தியல் புல்லரால் (தட்டும் வேகத்தில் குண்டைக் கேஸிலிருந்து கழற்றும் கருவி) தட்டிப் பிரித்துப் பார்த்தேன். குண்டைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு. செம்பு முழுவதும் அறுபட்டு உள்ளே ஈயம் தெரிந்தது. நகத்தால் நெம்பியதும் முலாம் வெங்காயத் தோல்போல உரிந்து வந்தது. அந்தத் தோல் குழலுக்குள்ளேயே தங்கி, அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

தங்களிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: ‘கிரிம்ப் அதிகம்.’ குறைத்தால் குண்டு நகர்கிறது, கூட்டினால் முலாம் அறுகிறது. நான் இருதலைக் கொள்ளி எறும்பாக நிற்கிறேன். இதே குண்டை .38 ஸ்பெஷலில் மென்மையான அளவில் சுட்டபோது எந்தக் குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே குண்டு கெட்டதல்ல, பெட்டியில் உள்ள ‘மேக்னம்’ என்ற சொல்தான் தவறு. மெல்லிய முலாம் பூசிய குண்டுகளுக்கு நொடிக்கு 1,200 அடி போன்ற வேக வரம்பைப் பல தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். தங்கள் பெட்டியில் வேக வரம்பும் இல்லை, கிரிம்ப் பற்றிய குறிப்பும் இல்லை.

மீதமுள்ள 410 குண்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தாருங்கள். இனி அச்சிடும் பெட்டிகளில் உச்ச வேகத்தையும் கிரிம்ப் வகையையும் குறிப்பிடுங்கள். பள்ளமுள்ள குண்டு தயாராகும்வரை ‘மேக்னம்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பிரித்தெடுத்த குண்டுகளையும் இலக்குத் தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்