அபோஃபிஸ் வரும்போது நம் கருவியும் அங்கே இருக்கட்டும்

இஸ்ரோ தலைவர் அவர்களுக்கும், விண்வெளித் துறையில் முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2029 ஏப்ரல் 14, நமக்குச் சித்திரை முதல் நாள். அன்று விடிவதற்கு முன், இந்திய நேரப்படி மூன்றேகால் மணியளவில், சுமார் 340 மீட்டர் அகலமுள்ள அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமிக்கு மேலே ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்துபோகும். நம் ஜிசாட் செயற்கைக்கோள்கள் இருக்கும் உயரத்தைவிட அது கிட்டத்தில். மோதாது. 2021இல் எடுத்த ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு, இன்னும் நூறு வருடத்துக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று நாசா அறிவித்துவிட்டது. ஆபத்தில்லாமல் வாசல்வரை வரும் இந்தச் சிறுகோளை இந்தியா வேடிக்கை மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது என்று கேட்கத்தான் இந்த மடல்.

சிறுகோள் என்றதும் எப்போது வரும், எங்கே விழும் என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். எவ்வளவு கனம், ஒரே பாறையா, இல்லை தளர்வாகச் சேர்ந்து கிடக்கும் கற்குவியலா என்ற கேள்விகள் பின்னால் போய்விடுகின்றன. ஆனால் அவற்றுக்குப் பதில் தெரியாமல் எதையும் திசைதிருப்ப முடியாது.

2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2032 டிசம்பரில் அது பூமியில் மோத 3 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாய்ப்பு இருப்பதாக 2025 பிப்ரவரியில் கணித்தார்கள். விழக்கூடிய இடங்கள் என்று வரைந்த பட்டை தெற்காசியாவையும் தொட்டது. சில நாட்களில் பாதை தெளிவாகி ஆபத்து நீங்கியது, சரி. ஆனால் அதுவரை அதன் அகலம் 40 மீட்டரா 90 மீட்டரா என்றே உறுதியாகத் தெரியவில்லை. கறுத்த பெரிய பாறையும் வெளுத்த சின்னப் பாறையும் தொலைநோக்கியில் ஒரே ஒளிப்புள்ளிதான். 40க்கும் 90க்கும் இடையே நிறையில் பதினொரு மடங்கு வித்தியாசம் வரும். எத்தனை ஊர்களைக் காலி செய்வது என்ற முடிவே அதில் இருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்த பிறகுதான் சுமார் 60 மீட்டர் என்று தெரிந்தது.

திசைதிருப்பும்போதும் இதே சிக்கல்தான். பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற சின்னச் சிறுகோள் மீது 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலத்தை வேண்டுமென்றே மோதவிட்டபோது, டைமார்ஃபஸ் ஒருமுறை சுற்றிவர எடுக்கும் நேரம் 73 விநாடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். மாறியது அரை மணி நேரத்துக்கும் மேல். மோதலில் பீறிட்டுப் பறந்த கல்லும் தூசியும் சிறுகோளைக் கூடுதலாக உந்திவிட்டன. வேறு வகைச் சிறுகோளாக இருந்தால் இவ்வளவு சிதறியிருக்குமா? அந்தக் கணக்கை முடிக்க டைமார்ஃபஸின் நிறை வேண்டும். அதை அளக்கத்தான் ஐரோப்பாவின் ஹெரா விண்கலம் 2024 அக்டோபரில் கிளம்பியது.

கிட்டப் போனவர்கள் எல்லாரும் ஆச்சரியப்பட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள். பென்னு என்ற சிறுகோளின் மேற்பரப்பு மணலாக இருக்கும் என்று பூமியிலிருந்து பார்த்து நினைத்தார்கள். போனால் எங்கும் பாறை. அப்புறம் 2020இல் நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கை தொட்டதும் தரை தாங்கவே இல்லை, அரை மீட்டர் உள்ளே போய்விட்டது. ரியூகு என்ற இன்னொரு சிறுகோளில் ஜப்பான் சுட்ட இரண்டு கிலோ செப்புக் குண்டு பத்து மீட்டருக்கும் அகலமான பள்ளம் பறித்தது.

அபோஃபிஸ் கடக்கும்போது பூமியின் ஈர்ப்பே அதை இழுத்து முறுக்கப்போகிறது. அதன் சுழற்சி மாறும், மேற்பரப்பில் கற்கள் சரியக்கூடும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய, யாரும் செலவு செய்யாமல் இயற்கையே நடத்தும் சோதனை இது. ஐரோப்பாவின் ராம்சஸ் விண்கலம், ஜப்பானின் துணையோடு 2028இல் கிளம்பி முன்கூட்டியே அங்கே போய்ச்சேரத் திட்டமிட்டிருக்கிறது. நாசாவின் கலமோ, அபோஃபிஸ் பூமியைக் கடந்துபோன பிறகுதான் அதை நெருங்கும்.

நம்மிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சந்திரயான்-3இல் போன சேஸ்ட் கருவி நிலவின் மண்ணுக்குள் வெப்பம் எப்படி இறங்குகிறது என்று அளந்தது. அதே கலத்தில் போன இல்சா கருவி நிலவின் தரை அதிர்வுகளைப் பதிவு செய்தது. சிறுகோளில் தேவைப்படுவதும் இந்த அளவீடுகள்தான். வெயிலில் சூடேறிய பக்கம் வெப்பத்தை வெளிவிடும் விதம் அபோஃபிஸின் பாதையைக்கூட ஆண்டுக்கு 200 மீட்டர் அளவில் நகர்த்துகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். 2029க்குள் தனி விண்கலம் முடியுமா முடியாதா என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். முடியாதென்றால், பிற நாட்டுக் கலங்களோடு சேர்ந்து நம் விஞ்ஞானிகள் வேலை செய்ய இப்போதே பேசுங்கள். கடப்பதற்கு முன்னும் பின்னும் பல வாரங்களுக்கு நம் நாட்டில் ஹன்லே, தேவஸ்தல், காவலூர் ஆகிய இடங்களில் உள்ள தொலைநோக்கிகளில் அபோஃபிஸுக்கென்று நேரம் ஒதுக்கச் செய்யுங்கள். காவலூர் இதற்குப் புதிதல்ல, 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குத்தான் கணித மேதை ராமானுஜன் பெயர் இருக்கிறது. கிடைக்கும் நிறமாலைகளையும் ஒளி அளவீடுகளையும் கல்லூரி மாணவர்களும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வையுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
திருப்பத்தூர் மாவட்டத்திலிருந்து ஒரு இயற்பியல் ஆசிரியர்