நடுவரைக் கொஞ்சம் யோசிக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் திடலில் காற்பந்து இறுதியாட்டம் பார்த்தேன். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் கோல் கம்பத்துக்கு முன்னால் ஒரு பையன் காலில் அடிபட்டு விழுந்தான். நடுவர் விசில் ஊதி, பினால்டி என்று கை காட்டினார். உடனே ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் திடலுக்குள் இறங்கிவிட்டார்கள். நடுவராக நின்ற அந்தத் தம்பிக்கு இருபது வயதுகூட இருக்காது. பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். கை நடுங்கியது. யாருக்கும் காட்டாமல் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். அப்புறம் பினால்டி இல்லை என்று சொல்லி, பந்தைக் கோல்கீப்பரிடம் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கினார்.

அது பினால்டிதான். நான் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் தன் முடிவு தப்பென்று தெரிந்தால் நடுவர் அதை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அவர் மாற்றியது ஆட்களைப் பார்த்து.

நானும் பதினெட்டு வருஷம் தோட்டப் போட்டிகளில் விசில் ஊதியவன். விசிலை வாயில் கடித்துக்கொண்டு ஓடாதே, கையில் பிடித்துக்கொள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கை வாய்க்குப் போகிற அந்த அரை நொடியில்தான் ஃபவுலா, விட்டுவிட்டால் அடிபட்ட அணிக்கே லாபமா என்று மனசு கணக்குப் போடும். பக்கவாட்டில் நின்றால் இரண்டு பேர் காலுக்கும் இடையில் இருக்கிற இடைவெளி தெரியும். பின்னால் மாட்டிக்கொண்டால் முதுகு மட்டும்தான் தெரியும். ஓடி நல்ல இடம் பிடிப்பதே பாதி வேலை.

மீதிப் பாதியைக் காது கெடுக்கும். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இங்கிலாந்து ஆட்டம் ஒன்றின் ஒளிப்பதிவைத் தகுதி பெற்ற 40 நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். இரைச்சலோடு பார்த்தவர்கள், சொந்தத் திடலில் ஆடிய அணிமீது 15.5 சதவீதம் குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். வெறும் ஒளிப்பதிவுக்கே இப்படி. நம் தோட்டத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்துவது மாமாவும் சித்தப்பாவும். திங்கட்கிழமை காலையில் அவர்கள் இருக்கிற அதே கடையில்தான் நடுவரும் தேநீர் குடிக்க வேண்டும்.

ஒரு பக்கம் தப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று உறைத்ததும், மறுபக்கம் எதையாவது கொடுத்துச் சரிக்கட்ட மனசு இழுக்கும். ஒரு தடவை நான் அப்படிச் செய்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

1986 உலகக் கிண்ணத்தில் மரடோனா கையால் தட்டிப் போட்ட கோலைத் துனிசிய நாட்டு நடுவர் அலி பென்னசூர் கொடுத்தார். அவர் கண்ணுக்குக் கை படவில்லை. லைன்ஸ்மனைப் பார்த்தார், கொடி ஏறவில்லை. உலகமே பார்த்த ஆட்டத்தில் அந்த நிலைமை. உலகக் கிண்ணத்தில் காணொளி உதவி வந்ததே 2018-இல்தான். நம் திடலில் கேமராவும் இல்லை, பயிற்சி பெற்ற லைன்ஸ்மனும் இல்லை. வெளியே உட்கார்ந்திருக்கிற மாற்று ஆட்டக்காரன் கையில் கொடியைக் கொடுத்துவிடுகிறோம்.

1974 உலகக் கிண்ணத்தில் போலந்து, ஹைத்தி ஆட்டத்துக்கு விசில் ஊதியவர் சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா. பக்கத்து நாட்டிலிருந்து நம்மவர் ஒருவர் அந்த இடம் வரைக்கும் போனார். நம் பையன்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விசிலைத் தூக்கி எறிந்துவிட்டால் அடுத்தவர் எங்கிருந்து வருவார்?

ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில், அணித் தலைவர் மட்டுமே நடுவரிடம் போய்ப் பேசலாம் என்று வைத்தார்கள். அதை இங்கேயும் வையுங்கள், காசு செலவில்லை. கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கயிறு கட்டிவிடுங்கள். கூடாரத்து ஆட்கள் அதைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்துங்கள், ஆள் யாராக இருந்தாலும் சரி.

ஆட்டம் முடிந்ததும் அந்தத் தம்பி மோட்டார் சைக்கிள் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இனிமே வரமாட்டேன் ஐயா" என்றார். அடுத்த போட்டிக்கு நீங்கள் ஊதுங்கள், கொடியை நான் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
முன்னாள் தோட்ட நடுவர்,
சுங்கை சிப்புட், பேராக்