கியூபா நாவல்கள் வெறும் ஊர் ஏக்கமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கியூப அமெரிக்க நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பத்திரிகைகள் அதிகம் தொடாத விஷயம், நன்றி. ஆனால் எல்லாவற்றையும் ‘தாய்நாட்டை இழந்தவர்களின் ஏக்கம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டாரே கட்டுரையாளர்!

ஆஸ்கார் இஹுவேலோஸ் நியூயார்க்கில் பிறந்தவர். 1990இல் புலிட்சர் பரிசு பெற்ற அவரது ‘தி மாம்போ கிங்ஸ் ப்ளே சாங்ஸ் ஆஃப் லவ்’ (மாம்போ என்பது கியூப நடன இசை) நாவலில் வரும் அண்ணன் தம்பி, ஹவானாவை விட்டுக் கிளம்புவது 1949இல். புரட்சி செய்து காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்தது அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான். பாட்டுப் பாடிப் பிழைக்க வந்தவர்களை எப்படி அவர் ஆட்சிக்குத் தப்பி நாடுகடந்தவர்கள் கணக்கில் சேர்ப்பது?

கிறிஸ்டினா கார்சியா கதையே வேறு. 1992இல் வந்த அவரது ‘ட்ரீமிங் இன் கியூபன்’ நாவலில் பாட்டி செலியா காஸ்ட்ரோவின் பக்தை. தொங்கட்டான் போட்டுக்கொண்டு, பைனாகுலரும் கையுமாகக் கடற்கரையைக் காவல் காக்கிறாள். மகள் லூர்து புரூக்ளினில் பேக்கரி நடத்துகிறாள், காஸ்ட்ரோ பேரைக் கேட்டாலே ஆகாது. பேத்தி பிலார் இரண்டு வயதில் நாட்டை விட்டவள். கைக்குழந்தையாக இருந்தபோது கேட்ட பேச்சுகூட வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது என்கிறாள். இதை நம்புவதா? நாவல் நம்மைச் சந்தேகப்படத்தான் விடுகிறது. கட்டுரையாளரோ அப்படியே நம்பிவிட்டார்.

அப்புறம், லூர்து. கியூபாவில் புரட்சிச் சிப்பாய்கள் தனக்குச் செய்த கொடுமையை அவள் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. 1980இல் கியூபாவுக்குப் போயும் வாய் திறக்காமலே திரும்புகிறாள். அதே பயணத்தில், நாட்டை விட்டு வெளியேற ஹவானாவின் பெரு தூதரகத்தில் திரண்ட கூட்டத்தில், செலியாவின் பேரன் இவானிட்டோவைக் கண்டுபிடித்துக் கட்டிப்பிடித்த பிலார், பாட்டியிடம் வந்து ‘அவனைக் காணவில்லை’ என்று பொய் சொல்கிறாள். அந்த வருஷம் கியூபாவின் மரியேல் துறைமுகம் வழியாக மட்டும் சுமார் 1,25,000 பேர் வெளியேறினார்கள். பேரனும் போகட்டும் என்று பாட்டிக்கே துரோகம் செய்கிற பெண்ணை ‘பாட்டியின் நினைவுகளைக் காப்பவள்’ என்று எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. (முடிவைப் போட்டு உடைத்ததற்குப் படிக்காதவர்கள் மன்னிக்கவும்.)

இந்த நாவலிலிருந்து ஒரு பகுதியையாவது முறைப்படி அனுமதி வாங்கி மொழிபெயர்த்துப் போடுங்களேன். என் சிபாரிசு, 1976இல் லூர்துவின் இரண்டாவது பேக்கரி திறப்பு விழா. மூக்கில் ஊக்கு குத்திய சுதந்திர தேவியை பிலார் வரைந்து மாட்டியிருப்பாள். ஒருவன் கத்தியோடு படத்தின் மேல் பாய, அமெரிக்காவைத் தலையில் வைத்துக் கொண்டாடும் லூர்துவே கைப்பையால் அவனை அடித்து வீழ்த்துவாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருநெல்வேலி