முதியவர் வீடு சேருமுன் தகவல் சேரட்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள், பொது சுகாதாரம் ஆகிய மூன்று இயக்குநரகங்களின் தலைமைக்கும் வணக்கம்.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னே நடந்திருக்கிறது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு வந்தது. இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவ எம்.டி. படிப்பு 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கி, மாத்திரையும் நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

இத்தனைக்கும் பிறகு, தள்ளாத வயதில் உள்ள ஒருவர் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக் கட்டிலுக்கு மாறும் அந்த ஒரு வாரத்தில் யாருடைய பொறுப்பிலும் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஓர் இயக்குநரகத்தின் கீழ், மாவட்டத் தலைமை மருத்துவமனை இன்னொன்றின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றாவதன் கீழ் இருக்கின்றன. வீடு திரும்பும் நாளில் நோயாளி இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். அவரைப் பற்றிய தகவல் தாண்டுவதில்லை.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள். 2031-ல் இது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது அரசின் கணிப்பு. இவர்கள் எல்லோரும் தள்ளாமையில் இல்லை. எழுபத்தைந்து வயதில் வயலுக்குப் போகிறவரும் உண்டு, அறுபத்தைந்தில் சுவரைப் பிடித்து நடக்கிறவரும் உண்டு. வயதை வைத்துப் பிரிப்பது வீண் வேலை. நான்கு மீட்டர் தூரத்தை இயல்பான நடையில் கடக்க 5 நொடிக்கு மேல் ஆகிறதா, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 15 நொடிக்கு மேல் ஆகிறதா, கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு இஞ்சு டேப்பும் கைப்பேசிக் கடிகாரமும் இருந்தால் அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரே ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். வளையல் கழன்று விழுகிறது, ரவிக்கை தொளதொளக்கிறது என்று வீட்டுப் பெண்கள் சொல்வதையும் குறித்துக்கொள்ள வேண்டும். எடைக்குறைவின் முதல் அறிகுறி பெரும்பாலும் அப்படித்தான் வெளிவரும்.

இத்தகையவர் வார்டில் சேர்ந்தால் நோயோடு சேர்த்துக் கட்டிலும் அவரைக் கெடுக்கிறது. நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. காய்ச்சலோடும் பசியின்மையோடும் படுத்திருப்பவருக்கு இழப்பு இன்னும் கூடுதலாகவே இருக்கும். நம் வார்டுக் கட்டில்கள் உயரமானவை. குள்ளமான பாட்டியின் கால் தரையைத் தொடாது. விழுந்துவிடுவாரோ என்று பயந்து ‘எழுந்திருக்காதே’ என்கிறோம். கழிப்பறைக்கு அழைத்துப்போக ஆள் இல்லாததால் சிறுநீர்க் குழாய் போடுகிறோம். அதனால் தொற்று வருகிறது, தொற்றினால் குழப்பம் வருகிறது. குழப்பத்தில் குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டுகிறோம். வார்டுக்கு நான்கு கட்டிலாவது முழங்கால் உயரத்தில் வேண்டும். கைப்பிடியுள்ள மேற்கத்தியக் கழிப்பறை ஒன்று பக்கத்திலேயே வேண்டும். சேர்ந்த மறுநாளே நாற்காலியில் உட்காரவைத்து உணவு தர வேண்டும். சிறுநீர்க் குழாய் ஏன் இன்னும் இருக்கிறது என்பதற்குத் தினமும் கேஸ் ஷீட்டில் ஒரு வரிக் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லையென்றால் அன்றே எடுத்துவிட வேண்டும்.

திடீரென்று ஆள் தெரியாமல் பேசுவதை ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடுவது வார்டுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று பிதற்றினால் அது டெலிரியம், அவசர நிலை. சிறுநீர் அடைத்திருக்கிறதா, நாலைந்து நாளாக மலம் கழியவில்லையா, சர்க்கரையோ சோடியமோ இறங்கியிருக்கிறதா, நெஞ்சில் சளித் தொற்றா, சொல்லத் தெரியாத வலியா என்று வரிசையாகத் தேட வேண்டும். உப்பே சேர்க்காத கஞ்சியும் சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் சேர்ந்து சோடியத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். தூங்கவில்லை என்று டையசெபம், சளிக்கு குளோர்பெனிரமின், வாந்திக்கு புரோமெதசின் எனக் கொடுத்தால் குழப்பம் இரட்டிப்பாகும். கண்ணாடியையும் காது கருவியையும் பல்செட்டையும் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள் நம் மக்கள். சேர்க்கும்போதே அவற்றை எடுத்துவரச் சொல்வது செவிலியர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றாகட்டும்.

இனி, இந்த மடலின் மையத்துக்கு வருகிறோம். இன்று டிஸ்சார்ஜ் பெரும்பாலும் இப்படி நடக்கிறது: மாலையில் சீட்டு வருகிறது, ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் இருக்கிறது, சில நாளுக்கான மாத்திரையோடு ஆட்டோவில் ஏற்றிவிடுகிறோம். எழுந்து நின்றால் தலை சுற்றி விழுகிறார் என்று மருத்துவமனையில் பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். வீட்டு டப்பாவில் பழைய மாத்திரை அப்படியே இருக்கும். தன்னார்வலரின் பட்டியலும் பழையதுதான். அவர் நல்லெண்ணத்தோடு அதே மாத்திரையை மீண்டும் கொண்டுவந்து கொடுப்பார். பத்து நாளில் பாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து திரும்பி வருவார். சர்க்கரையிலும் இதே கதைதான். சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கும், சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரை பழைய அளவிலேயே தொடரும், விடியற்காலையில் நினைவு தப்பும். தன்னார்வலரைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனவே ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் ஒன்றைக் கேட்கிறோம். நிறுத்திய மருந்து, நிறுத்தியதற்கான காரணம், புதிதாகச் சேர்த்தது, அளவு மாறியது ஆகியவை முதலில் வர வேண்டும். அடுத்து, நோய்க்கு முன் எப்படி நடந்தார், இன்று எப்படி நடக்கிறார் என்பது. மூக்குக் குழாயோ சிறுநீர்க் குழாயோ இருந்தால் போட்ட தேதி, மாற்ற வேண்டிய தேதி, மாற்றப்போவது யார் என்ற விவரம் வேண்டும். குதிகாலிலும் அடிமுதுகிலும் புண் உண்டா, விழுங்குவதில் சிரமம் உண்டா, வார்டில் குழப்பம் வந்ததா, சோடியமும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் மறுபடி எப்போது பார்க்க வேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்பவர் யார் என்பவையும் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாளே இந்தப் படிவம் வட்டார நோய்த்தணிப்புச் செவிலியருக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் போய்ச் சேர வேண்டும், கூடவே ஒரு தொலைபேசி அழைப்பும். படிவம் மட்டும் அனுப்பினால் அது கோப்பில் தூங்கிவிடும்.

முதல் வீட்டு வருகை 72 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பாயில் கொட்டி, நிறுத்தியவற்றை எடுத்துவிடுவதுதான் முதல் வேலை. கடையில் வாங்கிய வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் இருந்தால் அதையும் எடுக்க வேண்டும்; பிரஷர் மாத்திரையான எனலாப்ரில், நீர் மாத்திரை இரண்டோடும் அது சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பார்த்து, எழுந்து நின்ற 1-வது, 3-வது நிமிடங்களில் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் அன்றே மருத்துவ அலுவலரிடம் பேச வேண்டும். பிறகு சுவரோரமாக வைத்த நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்காரவைத்து, அதை நாளுக்கு மூன்று வேளை செய்யச் சொல்ல வேண்டும். இதைவிட நல்ல தசைப் பயிற்சி குடிசை வீட்டுக்கு வேறொன்று இல்லை.

உணவில் நம் ஊர்ப் பழக்கம் எதிராக நிற்கிறது. உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி. மூன்று டம்ளர் அரிசிக் கஞ்சியில் புரதம் பத்து கிராமைத் தொடாது. 50 கிலோ எடையுள்ளவர் தேறிவர நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். இரண்டு முட்டை, இரண்டு டம்ளர் பால், நான்கு இட்லி, ஒரு கிண்ணம் பருப்பு, நூறு கிராம் மீன் என்றால் கணக்குச் சரியாகும். மீன் சாப்பிடாதவர்களுக்குச் சுண்டலும் தயிரும் கூட்டித் தர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் மருத்துவர் அளவு சொல்லட்டும்.

மருத்துவர், செவிலியர், இயன்முறைச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஒன்றாக உட்கார்ந்து முதியவரை மதிப்பிட்டுத் திட்டமிட்டால், ஓராண்டுக்குள் அவர் உயிரோடு சொந்த வீட்டில் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 29 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு 2017-ல் வெளியிட்ட மீளாய்வு காட்டுகிறது. தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம் மாவட்ட மருத்துவமனைக்குப் பத்துப் படுக்கைப் பிரிவையும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒரு முதியோர் கிளினிக்கையும் ஏற்கெனவே வகுத்திருக்கிறது. அந்தப் பத்துப் படுக்கையிலிருந்து தொடங்குங்கள். மூன்று இயக்குநர்களும் கையெழுத்திட்ட ஒரே சுற்றறிக்கை வேண்டும். தனித்தனியாக வந்தால் எல்லையில் நின்றுவிடும். வீட்டு வருகைக்கும் அளவெடுப்புக்கும் தன்னார்வலருக்குத் தனி ஊக்கத்தொகை தர வேண்டும். இருக்கும் வேலையோடு இலவசமாக ஏற்றக் கூடாது. வட்டாரத்துக்கு ஓர் இயன்முறைச் சிகிச்சையாளர் என்பதும் போதாது.

கடைசியாக ஒன்று. எத்தனை பேருக்குச் சேவை தரப்பட்டது என்பதை மாதாந்திர அறிக்கை எண்ணுகிறது. வீடு திரும்பிய 30-வது நாளில் எத்தனை முதியவர்கள் தாமாகக் கழிப்பறைக்கு நடந்து போகிறார்கள், எத்தனை பேர் மீண்டும் வார்டில் சேர்ந்தார்கள் என்ற இரண்டு பத்திகளையும் அதில் சேர்த்து, மாவட்டவாரியாக வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைகளிலும் வீட்டுவழிச் சேவையிலும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவர்கள், செவிலியர்கள், இயன்முறைச் சிகிச்சையாளர்கள்