பெட்டிக்கு வயசாகிவிட்டதா?

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி, பேத்தியின் காதுகுத்து, ஜரிகை விலை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துகிறது, 2013இல் வாங்கியது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். போன வருஷம் முழுக்க நானும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டினேன்.

என் பெட்டி 2014இல் மகள் இன்ஜினியரிங் சேர்ந்தபோது வாங்கியது. இன்டெல் கம்பெனியின் நான்காம் தலைமுறை ஐ3 சிப், வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் ராம் 4 ஜிபி. ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்ப் பால் வாங்கி வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "பத்து வருஷம் ஆச்சு சார், புதுசு எடுத்துடுங்க" என்றார். வயதைக் கேட்டதோடு வைத்தியம் முடிந்தது. நம் இருவரையும் ஒரு டாக்டர் இப்படிப் பார்த்தால் என்ன ஆவது?

மகள்தான் போனில் வழி சொன்னாள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வருகிறது. பார்த்தால் பெட்டியின் மூளையான சிபியு 10 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க் மட்டும் 100இல் முட்டி நிற்கிறது. சோறு வெந்துவிட்டது, பரிமாறத்தான் ஆளில்லை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழலச் சுழல ஒரு முனை இங்குமங்கும் ஓடித் தேட வேண்டும். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி வெறும் சிப், அதில் சுழல்வதற்கே ஒன்றுமில்லை. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், பழைய டிடிஆர்3 ராம் இன்னொரு 4 ஜிபியும் போட்டேன். இப்போது அரை நிமிஷத்தில் எழுந்துவிடுகிறது. புதுப் பெட்டி விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இதைப் படித்துவிட்டு நீயும் எஸ்எஸ்டி வாங்கக் கிளம்பிவிடாதே. உன் கோளாறு வேறு.

தினமும் காலையில் தேதி பின்னால் போய்விடுகிறது, பேங்க் பக்கம் பாதுகாப்பில்லை என்கிறது என்று எழுதியிருந்தாய். இரண்டும் ஒரே வியாதி. உள்ளே எல்லாப் பாகமும் பொருந்தியிருக்கும் மதர்போர்டில் காசு அளவில் சிஆர்2032 என்று ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் பெட்டியை அணைத்ததும் கடிகாரம் தேதியை மறந்துவிடும். தேதி தப்பானால் பேங்க் பக்கத்தின் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். டீக்காசில் முடியும் வேலை. மதியத்தில் தானாக அணைகிறதே, அது பெரும்பாலும் சூடு. நம்ம ஊர் வெயிலில் மனுஷனே அணைந்துவிடுகிறான்! ஃபேனில் அடைத்த தூசியை ஊதி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும், அதைப் புதிதாகத் தடவச் சொல்.

பயமாக இருப்பது நீ போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 'டக் டக்' சத்தம். ஹார்ட் டிஸ்க்கின் முனை தடம் பிடிக்க முடியாமல் தடுமாறினால் அப்படித்தான் கேட்கும். ஸ்கேன் பண்ணுகிறேன், சுத்தம் பண்ணுகிறேன் என்று அதை வீணாக ஓட விடாதே. இன்றைக்கே புடவைக் கணக்கையும் போட்டோக்களையும் வெளி டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இரண்டு காப்பி எடு. மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, மாற்றலாமா என்பதற்கு வருகிறேன். வேகத்துக்காக என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் நம் பெட்டிகளில் ஓடும் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அது வந்ததே 2017இல். உன்னுடையதும் என்னுடையதும் தேறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று ஒரு பையன் சொன்னான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. விண்டோஸை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டேன். பேப்பர் படிக்க, கடிதம் அடிக்க அது போதும். பேங்க் வேலை போனில். உன் கதை அப்படியில்லை. கணக்கு எழுதும் டேலி மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும், நெசவாளர் கூலிக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஆகவே உன் பெட்டியை மாற்றிவிடு. புதிதுதான் வேண்டும் என்றில்லை. ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட பெட்டிகள் கிடைக்கும், எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதே. உன் பழைய மானிட்டர் நீல விஜிஏ ஒயர்காரன். வாங்கும் பெட்டியில் அந்தத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள், இல்லையென்றால் ஒயரைப் பொருத்தித் தரும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். கீபோர்டு, மவுஸ் எல்லாம் பழையதே ஓடும்.

1989இல் வட ஆற்காட்டைப் பிரித்ததில் நீ திருவண்ணாமலை மாவட்டத்துக்காரன் ஆகிவிட்டாய். ஆனால் கண்ணமங்கலம் வழி பஸ் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காப்பி எடுத்து முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. சேர்ந்து போய்ப் பெட்டி பார்க்கலாம். இலவம்பாடி முள் கத்தரிக்காய் நல்லதாக வருகிறது. உன் தங்கச்சி குழம்பு வைக்கிறேன் என்கிறாள்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்