உன் சாமுராய்க்குச் சம்பளம் எவ்வளவு?

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து இரண்டு தடவை படித்துவிட்டேன். முப்பது வருஷம் கருவூலத்தில் பில் பார்த்தவன் கையில் நாவலைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். ஓரத்தில் ஏழெட்டு இடத்தில் 'ஆதாரம்?' என்று எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மழை வரும் இடம் அருமை. உன் சாமுராய்தான் பிடிபடவில்லை. மூன்று அத்தியாயத்தில் நான்கு முறை வாளை உருவுகிறான், ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை.

முதல் பக்கத்திலேயே, சாமுராயின் வழி சாவில் இருக்கிறது என்று 'ஹாககுரே' என்ற பழைய ஜப்பானியப் புத்தகத்தில் வரும் வரியைப் போட்டிருக்கிறாய். சொன்னவர் யார் என்று பார்த்தாயா? யாமமோத்தோ த்சுனெதோமோ, சாகா சீமையின் பிரபுவிடம் ஊழியம் பார்த்தவர். பிறந்தது 1659இல். அங்கே கடைசிப் பெரிய சண்டையான ஷிமாபாரா கலகம் 1638இலேயே அடங்கிவிட்டது. போர்க்களத்தையே பார்க்காத மனிதர். 1700இல் எஜமான் இறந்தபோது கூடவே உயிரை விட நினைத்தார். அதற்கு அப்போது தடை இருந்ததால் மொட்டை போட்டுத் துறவியானார். அப்புறம் ஓர் இளைஞர் தேடி வந்து, இவர் பேசியதையெல்லாம் 1716 வரை எழுதி எடுத்தார்.

அதே புத்தகத்தில், நாலு பேர் முன்னால் கொட்டாவி வந்தால் நெற்றியை மேல்நோக்கித் தடவு, நின்றுவிடும் என்று ஒரு யோசனையும் இருக்கிறது. முகம் வெளிறித் தெரிந்தால் பூசிக்கொள்ளச் சிவப்புச் சாயம் கையோடு வைத்துக்கொள் என்கிறார். சாவைப் பற்றிச் சொன்னவரை எனக்குத் தெரியாது. இந்தக் கொட்டாவிக்காரரை நன்றாகத் தெரியும், எத்தனை ஆய்வுக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்!

சாமுராய் ஒழுக்கத்தைப் பற்றி நிதோபே இனாசோ எழுதிய 'புஷிதோ'வும் உன் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் இருந்துகொண்டு, 1900வாக்கில், வெளியாருக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியது. படி, ஆனால் அதை வைத்து 1788இல் நடக்கும் கதையை எழுதாதே.

படங்களுக்கு வருகிறேன். 'செவன் சாமுராய்' மறுபடி பார்த்தேன். 207 நிமிஷம், அம்மா பாதியில் தூங்கி, மழைச் சண்டைக்குச் சரியாக எழுந்துகொண்டாள். அதில் எனக்குப் பிடித்த இடம் சண்டை இல்லை. கிகுசியோ என்ற முரட்டு ஆள் எங்கேயோ திருடிய வம்சாவளிப் பத்திரத்தைக் கொண்டுவந்து, நானும் சாமுராய்தான் என்று நீட்டுவான். கூட்டத்தின் தலைவர் கம்பெய், அதிலுள்ள பிறந்த வருஷத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு, அப்படியானால் உனக்கு வயது பதின்மூன்று என்று சிரிப்பார். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு போனால் கதை நடப்பது 1586வாக்கில். விவசாயிகளிடமிருந்து, அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி ஆயுதங்களைப் பறித்தது 1588இல். உன் கதையோ அதற்குச் சரியாக இருநூறு வருஷம் தள்ளி. நீ அந்தப் படத்திலிருந்து எடுத்துப் போட்ட, கையில் ஈட்டி பிடித்த கிராமத்தார் உன் கதையில் எப்படி வருவார்கள்?

உனக்கு வேண்டியது 'ட்விலைட் சாமுராய்'. 2002இல் வந்தது. கதை நடப்பது எடோ காலத்தின், அதாவது ஷோகுன் என்ற ராணுவத் தலைவர்கள் எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்து ஆண்ட காலத்தின், கடைசிப் பகுதி. நாயகன் கிடங்கில் குமாஸ்தா, ஐம்பது கோகு சம்பளம். ஒரு கோகு என்பது ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி, ஏறத்தாழ 150 கிலோ. அந்த ஐம்பதிலும் கடன் பிடித்தம் போக முப்பது கோகுதான் தேறும். ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து பூச்சிக்கூண்டு செய்து விற்பான். வாளைவிட அந்த மூங்கில் குச்சிகளைப் பிடிக்கும் விரல்கள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன.

இன்னொன்று, 2010இல் மொரிதா யோஷிமிட்சு எடுத்த படம். காகா சீமையில் பரம்பரைக் கணக்கர்களான இனோயாமா குடும்பம் 1842 முதல் 1879 வரை எழுதி வைத்த வீட்டுக் கணக்கு, பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அதை வைத்து வரலாற்று ஆய்வாளர் இசோதா மிச்சிஃபுமி எழுதிய நூலிலிருந்து வந்த படம். கடன் வருமானத்தைப் போல இரண்டு மடங்கு. பட்டுத்துணி, பாத்திரம் எல்லாவற்றையும் விற்கிறார்கள். குழந்தைக்கு விசேஷம் வருகிறது, சம்பிரதாயப்படி ஆளுக்கு ஒரு மீன், ஜப்பானியர் மங்கலமாக நினைக்கும் 'தாய்' மீன், வைக்க வேண்டும், வாங்கக் காசு இல்லை. மீனைப் படமாக வரைந்து தட்டில் வைத்துவிடுகிறார்கள். நான் எழுந்து நின்று கைதட்டினேன் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள்.

உன் நாயகன் எடோவில் ஷோகுனிடம் சம்பளம் வாங்கும் கீழ்நிலை ஆள் என்றால், அவனுக்கு அரிசி மூன்று தவணையில் வரும். வசந்தத்தில் கால், கோடையில் கால், குளிர்காலத்தில் பாதி. அசாகுசாவில் இருந்த அரசு அரிசிக் கிடங்கில் போய் வரிசையில் நிற்க முடியுமா? அதற்குத் தரகர்கள் இருந்தார்கள், ஃபுதாசாஷி என்று பேர். இவன் சீட்டை வைக்கோல் கட்டில் செருகி வைத்து, முறை வந்ததும் அரிசியை வாங்கிக் காசாக்கித் தருவார்கள். அப்புறம் அடுத்த தவணை மேல் கடன், அதற்கு அடுத்ததன் மேல் கடன். 1789இல் அரசாங்கம் ஒரே உத்தரவில் பழைய கடன்களைத் தள்ளுபடி செய்தது. அன்று கொண்டாடியவனுக்கு அடுத்த மாதம் தரகர் சல்லிக்காசு புதுக்கடன் கொடுக்கவில்லை. உன் கதை நிற்கும் வருஷத்துக்கு அடுத்த வருஷம்! இதை விட்டுவிட்டு நீ ஏன் அவனைப் பாலத்தின் மேல் ஆறு பேரோடு மோத விடுகிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

சில்லறைத் திருத்தங்கள். வாள் உறை மரத்தில் செய்வது, உருவும்போது அந்த 'ஷ்ஷிங்' சத்தம் வராது, அது சினிமாக்காரர் சேர்த்தது. வாளுக்குப் பூசும் எண்ணெய் கிராம்பு எண்ணெய், அதனால் உன் நாயகி அவன் அறையில் 'இரும்பு வாசனை'யை உணர வேண்டாம். பிடியில் சுற்றுவது திருக்கை மீன் தோல். மூன்றாம் அத்தியாயத்தில் தரகர் வீட்டுக்குப் போனவன் நீண்ட வாளை இடப்பக்கம் வைத்துக்கொண்டு உட்காருகிறான். வலப்பக்கம் வைத்தால்தான் சண்டைக்கு வரவில்லை என்று அர்த்தம். வேண்டுமென்றே இடப்பக்கம் வைத்தான் என்றால் சொல், அது பிரமாதமான இடம், பென்சில் கோட்டை அழித்துவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று, இது உனக்கு என் பரிசு. எடோவில் பகட்டுக்காரர்கள் உடுத்திய கோடு போட்ட பருத்தித் துணிக்கு 'சாந்தோமே' என்று பேர். கோரமண்டல் கரையிலிருந்து கப்பலில் போன சரக்கு. போர்த்துக்கீசியர் சொன்ன சான் தோமே, நான் தினமும் காலையில் நடக்கப் போகும் அதே சாந்தோம். அந்தத் தரகருக்கு அந்தத் துணியில் ஒரு கிமோனோ தைத்துப் போடு. எதிரே உட்கார்ந்திருக்கும் உன் ஆளின் பார்வை அந்தக் கோடுகளில் போய் நிற்கட்டும், அவன் கட்டியிருப்பது சாயம் போனது என்று தனியாக எழுத வேண்டியிருக்காது.

நாலாம் அத்தியாயத்தை எப்போது அனுப்புகிறாய்? அம்மா முறுக்கு சுற்றி வைத்திருக்கிறாள், பார்சல் செவ்வாய்க்கிழமை கிளம்பும். அவள் கேட்கச் சொன்னது, அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று. நாவலில் வருபவனைத்தான் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

அன்புடன்,
அப்பா