படகில் போகும் பிள்ளைக்கு எந்தச் செருப்பு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை நெருங்கினால் கடையில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். "சுண்ணாம்பாறு பக்கம் கயாக் ஓட்டப் போறோம், ராத்திரி கரையிலேயே கூடாரம். நாலு வயசுப் பையனுக்கு என்ன போட்டு விடலாம்?" பிச்சாவரம் போகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கூட்ட நேரத்தில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதியே அனுப்புகிறோம்.

செருப்புக்கு முன்னால் லைஃப் ஜாக்கெட். பிள்ளையின் எடைக்குப் பொருந்துவதாக, இடுப்பு வார் மாட்டியதாக அது இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் காலுக்கு வருவோம்.

நம் பக்கத்து நீர்க்கரை வெறும் மணலாக இருப்பதில்லை. பிச்சாவரத்தில் சுரபுன்னையின் தாங்கு வேர்களில் சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் விளிம்பு பிளேடு போல வெட்டும். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து சுவாச வேர்கள் குத்திட்டு நிற்கும். தண்ணீர் ஏறியிருந்தால் இவை கண்ணுக்கே தெரியாது. கெடிலம், தென்பெண்ணைக் கரைகளில் சீமைக்கருவேல முள். இவை எல்லாமே அதிகம் பதம் பார்ப்பது கால் விரல்களைத்தான். அதனால் விரல் மூடிய காலணிதான் வேண்டும். விரல் திறந்த சாண்டல் எவ்வளவு நல்ல கம்பெனி என்றாலும் இந்தப் பயணத்துக்கு நாங்கள் எடுத்துக் கொடுக்க மாட்டோம்.

அடுத்தது, காலை விட்டுக் கழலக் கூடாது. சேறு குதிகாலைப் பிடித்து இழுக்கும்போது ஹவாய் செருப்பு அங்கேயே நின்றுவிடும், பிள்ளை வெறுங்காலோடு அடுத்த அடியை வைத்துவிடும். குரோக்ஸ் மாதிரிச் செருப்பு தண்ணீரில் மிதக்கும், சீக்கிரம் காயும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் பின்வாரைக் குதிகாலுக்குப் போட்டாலும் ஆழச் சேற்றில் உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. அதைக் கூடாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்பூட் வேண்டவே வேண்டாம். உள்ளே தண்ணீர் நிரம்பினால் சின்னப் பிள்ளையால் காலைத் தூக்கிக் கரையேற முடியாது. தோல் ஷூவும் வேண்டாம். நனைந்து காய்ந்தால் விறைத்துப்போய்க் காலைக் கடிக்கும்.

அப்படியென்றால் எது? குதிகாலை இறுக்கிப் பிடிக்கும், விரல் மூடிய, தண்ணீர் வடிய ஓட்டை உள்ள அக்வா ஷூ நல்லது. ஷூவின் அடிப்பகுதியை, அதாவது சோல், கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தம் உள்பக்கம் அப்படியே தெரிந்தால் அது நீச்சல் குளத்துக்குத்தான் சரி, கருவேல முள்ளுக்குத் தாங்காது. முன்பகுதி மட்டும் எளிதாக வளைய வேண்டும். வெல்க்ரோ பட்டையில் சேறு ஏறினால் பிடிக்காது, அதனால் ஒரு பழைய டூத் பிரஷ்ஷை பையில் போட்டுக்கொள்ளுங்கள். லேஸ் உள்ளதென்றால் நுனி நீளமாகத் தொங்காமல் உள்ளே செருகிவிடுங்கள், படகில் எதிலும் மாட்டக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் விளையாட்டு வகுப்புக்குப் (பி.டி.) போட்ட பழைய கான்வாஸ் ஷூ வீட்டில் இருக்கிறதா? காலுக்கு இன்னும் சரியாக இருந்து, சோலும் தேயாமல் இருந்தால் ஒரு பயணத்துக்கு அதுவே போதும். புதிதாக வாங்க வேண்டாம். காய நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

அளவில்தான் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள். "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க" என்பது பள்ளி ஷூவுக்கே சரியில்லை, தண்ணீரில் ஆபத்து. நனைந்த ஷூ தளரும், கால் உள்ளே வழுக்கும், அரை மணியில் கொப்புளம் வந்துவிடும். சாயங்காலம் அளவெடுங்கள், அப்போது கால் கொஞ்சம் விரிந்திருக்கும். குதிகால் சுவரில் ஒட்டும்படி பிள்ளையைத் தாளின் மேல் நிற்க வையுங்கள். உட்கார்ந்து எடுத்தால் அளவு குறையும். நீளமான விரல் எதுவோ அதன் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு காலையும் அளந்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு சென்டிமீட்டருக்குள் இடம் விட்டால் போதும். ஐரோப்பிய எண் போட்ட ஷூ என்றால் கணக்கு எளிது: உள்நீளத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து ஒன்றரையால் பெருக்குங்கள். கால் 15 செ.மீ., இடத்தோடு 16 செ.மீ. என்றால் எண் 24. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். போட்ட பிறகு குதிகாலைப் பிடித்துக் கீழே இழுங்கள். உங்கள் கைக்குக் கழன்று வந்தால் சேற்றிலும் கழலும்.

படகில் உட்கார்ந்திருக்கும்போதும் ஷூ காலிலேயே இருக்கட்டும். இறங்கும் அவசரத்தில் யாருக்கும் மாட்டிவிட நேரம் இருக்காது. கழிமுகத்தில் ஆழமில்லாத இடத்தில் நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்கச் சொல்லிக் கொடுங்கள். சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கை மீன் விலகிப் போய்விடும். அதன் முள்ளை எந்த ஷூவும் தடுக்காது. தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை பாருங்கள். ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று, 5 வயதுக்கு மேல் ஒன்று எனப் போடும் பூஸ்டரில் டெட்டனஸுக்கும் பாதுகாப்பு உண்டு.

கரையேறியதும் ஈர ஷூவைக் கழற்றிவிட வேண்டும். பிள்ளைகள் அதோடேயே ஓடி விளையாடுவார்கள், விட்டுவிடாதீர்கள். நாள் முழுக்க ஊறிய தோல் வெளுத்து மெத்தென்று ஆகியிருக்கும், சேற்றுப்புண் அங்கேதான் பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். அப்புறம் இரண்டாவது ஜோடி. அதனால்தான் எப்போதும் இரண்டு ஜோடி என்கிறோம், தண்ணீருக்கு ஒன்று, கூடாரத்துக்குக் காய்ந்தது ஒன்று. இருட்டிய பிறகு ஒன்றுக்குப் போக எழுப்பினாலும் காலணியும் டார்ச்சும் இல்லாமல் வெளியே இறக்காதீர்கள். காலையில் எந்த ஷூவையும் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும், தேளும் பூரானும் ஈரமும் இருட்டும் உள்ள இடத்தைத்தான் தேடும்.

புது ஷூவைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, வீட்டிலேயே நனைத்து, மொட்டை மாடியில் நடக்கவிட்டுப் பாருங்கள். எங்காவது சிவந்தால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம். வரும்போது பிள்ளையின் பழைய செருப்பையும் எடுத்து வாருங்கள். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் எதை எடுத்துக் கொடுக்கலாம் என்று எங்களுக்கு முடிவு செய்ய வசதியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் செருப்புக் கடை,
மஞ்சக்குப்பம், கடலூர்